பினாங்கில் எனக்காக அளவு கொடுத்தவர்

சங்கரநயினார்கோவில்
20-10-1953

சிரஞ்சீவி மகன் மருதப்பனுக்கு அப்பா செல்லச்சாமி ஆசி கூறி எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் இரண்டு மாடுகளும் சௌக்கியம். கடல் தாண்டிய ஊரில் உனக்கும் அவளே துணை. புளியங்குடியில் தங்கச்சி மாடத்தியும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் அவளுக்கு அவள் வீட்டுப்பாடே சரியாக இருக்கிறது, தீபாவளி கழித்துத்தான் எட்டிப் பார்ப்பாள். மழை பரவாயில்லை, பருத்தி விதைத்துவிட்டேன்.

கடையநல்லூர் மைதீன் பாட்சா பினாங்கிலிருந்து கப்பலேறிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவரோடு நீயும் வருவாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன், சொல்லாமல் வந்து நிற்பதுதானே உன் வழக்கம். வீட்டுக்கு வெள்ளையடித்து, உன் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு, பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். பாட்சா மட்டும் ஒரு பொட்டலத்தோடு இறங்கினார். பிரித்தால் கோட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோட்டைக் குறை சொல்லவில்லை, உசத்தித் துணி, உள்ளே வழவழவென்று லைனிங் வேறு. ஆனால் நம் ஊர் வெயிலுக்குக் கோட்டு போட எனக்கென்ன கிறுக்கா? இருந்தாலும் நீ அனுப்பியது ஆயிற்றே என்று மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். தையல்காரன் கருத்தப்பாண்டி என்னைக் கூப்பிட்டு, எந்தக் கேசுக்கு வாதாடப் போறீய அண்ணாச்சி என்று கேலி பண்ணினான். பிறகு தோளையும் முதுகையும் தடவிப் பார்த்துவிட்டு, ஆளை நிப்பாட்டி அளவெடுக்காம இப்பிடித் தைக்க முடியாது, நீங்க எப்ப பினாங்கு போய்ட்டு வந்தீய என்று கேட்டான்.

எனக்கும் அது மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. கடையநல்லூருக்கே பஸ் ஏறிப் போய்ப் பாட்சாவிடம் கேட்டேன். சீனத் தையல்காரர் ஆள் எங்கே என்று கேட்டதும், உங்கள் கம்பெனிச் சரக்குக் கிட்டங்கியில் காவல் இருக்கும் ஹபீப் முகம்மது என்கிற பெரியவரை எனக்குப் பதிலாகக் கூட்டிப்போய் நிறுத்தினாயாமே, அவரும் என் உடல்வாகுதானாமே. அளவெடுத்து முடிஞ்ச பொறவும் ஒங்க மவன் அவரை விடல, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க மாமான்னு சொல்லிட்டுப் பின்னாலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தான், அவரும் திரும்பாம நின்னாரு என்று பாட்சா சொன்னார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், அந்த மனிதர் மேல் பொறாமையாக இருக்கிறது. நீ பார்த்த முதுகு என்னுடையது இல்லையே, மகனே. உன் அம்மா வள்ளித்தாய் போன பிறகு இந்த வீட்டில் நான் போட்ட சட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் கிடையாது. அவள் காரியத்துக்கு உன்னால் வர முடியவில்லை, கப்பல் கிடைக்கவில்லை என்றாய், நானும் ஒத்துக்கொண்டேன். எனக்கும் அப்படியே ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வருகிற தை மாதமும் லீவு இல்லை என்று எழுதியிருக்கிறாய். முதலாளியிடம் இன்னொரு தடவை கேள். அப்பாவுக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை, பார்க்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான் என்று சொல். பொய் சொல்லாதே. ஹபீப் முகம்மது பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல். அவரை இனிமேல் நிற்க வைக்காதே, உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக்கொடு. அவருடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

நோயில்லாமல் நூறு வயது இரு. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நீ வரும் நாளில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பஸ்ஸுக்கு வருவேன். கூட்டத்தில் என் முதுகைப் பார்த்தால் நின்று பார்த்துக்கொண்டே இருக்காதே. அப்பா என்று கூப்பிடு, நான் திரும்புவேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
செல்லச்சாமி