ஸ்பீக்கரில் பேச முடியாதது

கீரப்பாளையம்,
ஞாயிறு காலை.

அன்பு மாமாவுக்கு பவானி எழுதுவது.

நானும் இளமதியும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனிலேயே பேசலாமே என்பீர்கள். ஆறு பேர் தங்குகிற அறையில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுகிறவர் நீங்கள். அதனால்தான் குவைத் திரும்பும் ராஜவேல் அண்ணனிடம் முந்திரியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

எச்.ஐ.வி. தடுப்பு ஆராய்ச்சிக்கு நம் பெண்ணைக் கேட்கிறார்கள் என்றதும், “வயசுப் பொண்ணுக்கு அதெல்லாம் என்னாத்துக்கு, ஊரு வாயில வுழவா” என்று போனை வைத்துவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சிதம்பரத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு எல்லோரும் ஆதாரும் ரேஷன் கார்டுமாகப் போயிருந்தோம். எதிர்வீட்டு சவரியம்மாள் அக்கா பாஸ்புக்கே கொண்டுவந்திருந்தார். ஆராய்ச்சி செய்யும் அனுப்பிரியா சிரித்துவிட்டு, பிள்ளைகளின் பேர்கூட எழுத மாட்டோம், நம்பர்தான் என்றார். ஆதார் கேட்காத இடமும் உண்டா என்று எங்களுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஊசி, மருந்து எதுவும் இல்லையாம். அந்த நோயைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று விசாரிப்பார்களாம்.

அவள் சொல்வதை எனக்குக் காட்டுவீர்களா என்று கேட்டேன். “அம்மாவா இருந்தாலும் காட்ட மாட்டோம்க்கா” என்றார். பெற்றவளுக்கே இல்லையா என்று சுருக்கென்றது. எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போதுதான் தோன்றியது, பெற்ற எனக்கே காட்டாத பேச்சு நம் தெருவுக்கு எப்படிப் போகும் என்று. திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆராய்ச்சிக்குப் போய்வந்த அன்று இளமதி என்னோடு மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே, அது எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம் என்று தானாகவே சொன்னாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன். பாதி எனக்குப் புதுசு. மகள் என்னிடம் கூச்சமில்லாமல் பேசியதில் மனசு நிறைந்துவிட்டது.

கடைசியில், “கண்ணாலம் ஆனவங்களும் ஒரு தபா டெஸ்ட் எடுத்துக்கறது நல்லதாம்மா” என்றாள். உங்கள் பேரை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பொங்கலுக்கு வருகிறீர்கள். மூன்று வருஷம் ஆகிறது. வந்ததும் நாம் இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வரலாம் மாமா. முதலில் நான் கையை நீட்டுகிறேன். முடிவு எதுவானாலும் ஒரே வண்டியில்தான் வீட்டுக்குத் திரும்புவோம்.

சந்தேகப்படுகிறாள் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் வாருங்கள். தில்லைக் காளி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்
பவானி