மலை ஏறப்போகும் ஜீப்பில் உன் இருக்கை

என் அருமை அண்ணி மஞ்சுளா,

நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்குப் பொறுமை கிடையாது. வருகிற சனிக்கிழமை விடியும்போது நாங்கள் கல்வராயன் மலைக்குக் கிளம்புகிறோம். தார்ச்சாலையில் இல்லை. "இந்த மண் ரோட்ல ஒரு தபா ஏறிப் பாத்துடணும்" என்று போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவாயே, அந்தப் பாதையில். வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. வழி தெரிந்த மலைக்காரர் ஒருவர் அடிவாரத்தில் ஏறிக்கொள்வார். ஓட்டப்போவது நான்.

சிரிக்காதே. கொஞ்சம் கேள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் ஜீப்பை அண்ணன் கெடாரில் இருக்கிற வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை தார்ப்பாயை விலக்கி, வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்புவார். பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. எவரையும் உட்கார விட்டதுமில்லை.

வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடித்த கையோடு நாம் நால்வரும் மலைக்குப் போவோமே, அந்த வழக்கமும் உன்னோடு நின்றுபோயிருந்தது. இந்த வருஷம் ஷகிலாதான் ஆரம்பித்தாள். விழுப்புரத்தில் பிசியோதெரபி பார்க்கிறவளுக்கு, நாள் முழுக்க அடுத்தவர் முழங்காலை மடக்கி நீட்டியே அலுத்துப்போயிருக்கும். "இன்னும் எத்தினி வருசம்டி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருப்பீங்க? அவ பாத்தா காறித் துப்புவா" என்று வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பினாள். பத்மா உடனே சரி என்றாள். நான் ஒரு முழு நாள் கழித்துச் சரி என்றேன். ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

பிறகு மூன்று வாரம் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசினோம். பத்மாவை நீ அறிவாய். வல்லத்துப் பக்கத்து ஜைன வீட்டுப் பெண். திண்டிவனத்தில் ஜவுளிக்கடைக்கு வந்து இருபது வருஷமாகியும், பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிடமாட்டாள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது.

"மல்லாட்டையும்தான் மண்ணுக்குள்ள இருக்குது, அத்த மட்டும் எப்பிடிடி மொக்குற?" என்று ஷகிலா பழைய வம்பை மறுபடி இழுத்தாள்.

"அது கெழங்கு இல்லடி, கொட்டை. உன் மண்டைல இருக்கிற மாதிரி" என்று பத்மா பதில் போட்டாள்.

பத்மாவுக்காக ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். அதற்காக அடிவாரத்தை எத்தனை மணிக்குத் தாண்டுவது, கேப்பை அடையை யார் சுடுவது, புளிச்சோறா எலுமிச்சைச் சோறா என்று எல்லாவற்றையும் முடிவு செய்தோம். கடைசியில் ஷகிலா முழுப் பட்டியலையும் போட்டாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பத்மா கும்பிடு போட்டாள்.

மறுநாள் ஜீப் கேட்க அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, யாரு ஓட்டப் போறது?" என்றார்.

"அண்ணிதா..." என்று வாய் பாதி சொல்லிவிட்டது.

போனை வைத்துவிட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'முன் சீட்: மஞ்சுளா (டிரைவர்), பத்மா' என்றுதான் இருந்தது. ஷகிலா பழைய பட்டியலை எடுத்துத் தேதியையும் ஊரையும் மட்டும் மாற்றியிருக்கிறாள். நாங்கள் மூவரும் அதைப் படித்திருக்கிறோம், அண்ணி. சரி என்றும் சொல்லியிருக்கிறோம். ஒருத்திக்கும் உறுத்தவில்லை. இது மறதியா? மறதி என்றால் எதை மறந்தோம்?

அன்று பள்ளியில் வேதியியல் வகுப்பு எடுத்த நினைவே எனக்கு இல்லை. சாயங்காலம் அண்ணனை நானே மறுபடி கூப்பிட்டேன். "நான் ஓட்டுறேண்ணா" என்றேன்.

"நீ ஸ்கூலுக்கு அந்தக் குட்டிக் காரை ஓட்டுறதும் இதும் ஒண்ணாம்மா?"

"கத்துக்கிறேன்."

பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். பனமலை ஏரி இப்போது பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கிறது. ஏரிக்குள்ளிருந்து கரைக்கு ஏறுகிற மண் சரிவில் ஆட்களோடு ஏற வேண்டும். பாதியில் நிறுத்த வேண்டும். ஒரு முழம்கூடப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பி மேலே வர வேண்டும். வந்தால் ஜீப் மலைக்குப் போகலாம். வராவிட்டால் இந்த வருஷமும் இல்லை, இனி எந்த வருஷமும் தன்னிடம் கேட்கக்கூடாது.

அது அநியாயமான நிபந்தனை என்று எனக்குத் தோன்றவில்லை. மலையில் பாதியில் நின்றுபோனால் பின்னால் இருப்பது ஏரி இல்லையே.

மூன்று சாயங்காலம் போனோம். ஜீப்பைச் சரிவின் அடிவரை அண்ணனுடைய மெக்கானிக் ஓட்டிவந்து விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மெக்கானிக்கும் உன்னைப்போலக் குள்ளம். அண்ணன் கரைமேல் கைகட்டி நிற்பார். ஷகிலாவும் பத்மாவும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார்கள். நான் ஃபோர் வீலில் போட்டு, சின்ன கியரில் ஏறி, பாதியில் நிறுத்துவேன். கிளட்சை விடும்போது வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். இல்லாவிட்டால் பின்னால் வழுக்கும். முதல் நாள் ஆறு முறை. இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். பத்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாளும் அணைந்தது. அப்போது ஷகிலா பின்னாலிருந்து கத்தினாள்: "ஏண்டி, முட்டி போய் ஸ்டியரிங்குல இடிக்குது, அப்புறம் கிளட்ச்ச எப்பிடிடி மெதுவா விடுவ? சீட்டப் பின்னால தள்ளித் தொலையேன்!"

அது எனக்கு முதல் நாளே தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு முட்டியிலும் நீலம் பாய்ந்திருந்தது. நீ ஐந்தடிக்கும் குறைவு. எனக்கு எங்கள் குடும்பத்து உயரம். நீ கடைசியாக இறங்கிப் போனபோது அந்த இருக்கை எங்கே நின்றதோ, அப்போதும் அங்கேயே நின்றது. நகர்த்த என் கை போகவில்லை. தோற்றுப்போனாலும் பரவாயில்லை என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன்போல. அண்ணனுக்கும் அது கண்ணில் படாமல் இருந்திருக்குமா?

அண்ணன் கரையிலிருந்து இறங்கி வந்தார். "எறங்கும்மா" என்றார். போச்சு, சாவியைக் கேட்கப்போகிறார் என்று இறங்கினேன். அவர் குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டார். இருக்கையை நகர்த்துகிற கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு தடவை இழுத்தார், வரவில்லை. கதவுச் சட்டத்தில் காலை ஊன்றி மூன்றாம் தடவை இழுத்தார். இருக்கை கிறீச்சென்று கத்திக்கொண்டு கடைசிவரை பின்னால் போனது.

"அவ குள்ளம்மா" என்றார், மண்ணைப் பார்த்துக்கொண்டே. "நீ நெட்டை. இத்தினி நாளா சொல்லாம, இப்பிடி இடிச்சிக்கினா ஓட்டுவ?"

"நீயும் சொல்லலையேண்ணா."

"ஏறு. ஜல்தி ஏறு. பொழுது போவுது, பத்மா சாப்புடணும்."

ஏறினேன். கால் நீட்ட இடம் இருந்தது. மறுபடி அடியிலிருந்து கிளம்பிப் பாதியில் நிறுத்தினேன். பிரேக்கைப் பிடித்து, கிளட்சை விரலளவு விரலளவாக விட்டேன். வண்டி உடம்பு நடுங்கி, மண்ணைக் கவ்வி, பின்னால் ஒரு நூல்கூட நகராமல் மேலே ஏறியது, அண்ணி! கரை வந்தது, வானம் வந்தது, அந்தப் பக்கத்து வயல் முழுக்கத் தெரிந்தது. ஷகிலா விசில் அடித்தாள். பத்மா கண்ணைத் திறந்து, "ஏறிட்டமா?" என்றாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சத்தம் போட்டுச் சிரித்தேன். நாற்பத்து நான்கு வயதில் என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. இன்னும் நான்கு முறை இறங்கி ஏறினேன். நான்கும் சுத்தம்.

நடந்து மேலே வந்த அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஜீப்பைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் கேட்டார்: "பின் சீட்டுல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா?"

நீ எத்தனை வருஷம் கூப்பிட்டாய். "பொம்பளைங்க போறீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்று எத்தனை வருஷம் மறுத்தார்.

"இருக்குதுண்ணே. ஆனா பின்னால தூக்கித் தூக்கிப் போடும், வாந்தி வந்தா நாங்க பொறுப்பு இல்ல" என்றாள் ஷகிலா.

"அஞ்சு மணிக்கு சோறு. அதுக்கப்புறம் கேட்டா கெடைக்காது" என்றாள் பத்மா.

அவர் தலையை ஆட்டினார். போருக்குப் போகிறவர்போல ஏறி உட்கார்ந்தார். கெடார்வரை நானே ஓட்டினேன்.

அண்ணி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் வீட்டுக்காரரை அந்த மண் பாதையில் உச்சிவரை ஏற்றிவிடுவேன், முழுசாகத் திருப்பியும் கொண்டுவருவேன். வளைவுக்கு வளைவு அவர் "மெதுவா, மெதுவா" என்று கத்தத்தான் போகிறார். எனக்குக் காது கேட்காது.

இப்படிக்கு,
உன்னிடம் கடைசிவரை சண்டை போடாத ஒரே நாத்தனார்,
சுமதி
திண்டிவனம்