முதுநகர் ஒண்ணு

அண்ணாமலை நகர்,
8 ஜனவரி 2025

அன்புள்ள மதி அப்பாவுக்கு,

நானும் மதியும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பனியில் தலைக்குத் துண்டு கட்டாமல் துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று இங்கே இருந்துகொண்டு சொல்ல எனக்கு உரிமை உண்டோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நானும் விடுவதில்லை. மதி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேட்காது, அதனால்தான்.

விடுதியில் மேட்ரன் வேலை பழகிவிட்டது. மதியின் சிறப்புப் பள்ளி நடக்கிற தூரம்தான். இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பாடம். கடலூரில் எட்டாவது வரைக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போர்டில் இருந்ததைக் கோலம் மாதிரி பார்த்து வரைந்துகொண்டு வந்தாளே, அந்தக் கதை இங்கே இல்லை. அவளுக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்தார் ஜான்சி டீச்சர். பிறகுதான் அவளுக்கென்று திட்டம் போட்டார். பெற்றவர்கள் ஒரு ஆசையைச் சொல்லுங்கள், அதையும் சேர்க்கிறேன் என்றார்.

நான் சொன்னது இதுதான்: மதி சிதம்பரத்தில் தானாக பஸ் ஏறி, முதுநகரில் தானாக இறங்கி, அப்பா வீட்டுக்குப் போக வேண்டும்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். கடைசியில் செய்வதைத்தான் முதலில் பழக்குவார்கள். முதல் வாரங்களில் பஸ்ஸில் நான் பக்கத்திலேயே இருப்பேன். மணிக்கூண்டு ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடந்து கதவைத் தட்டுவது மட்டும் அவள் வேலை. அது வந்ததும், இறங்குவதையும் அவளிடம் விடுவோம். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வந்து, ஒருநாள் முழுப் பயணமும் அவளுடையதாகிவிடும். எங்கே தொடங்கினாலும் முடிவில் அப்பா வீடு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை வருகிறோம். நான் வாசல் வரை வரமாட்டேன். அந்தப் பள்ளியை விட்டால்தான் இந்தப் படி ஏறலாம் என்று சொன்னவர் நீங்கள். எனக்கும் ரோஷம் உண்டு.

இப்படிக்கு,
ரேகா


சேசு மரி சூசை

கடலூர் முதுநகர்,
15 ஜனவரி 2025

அன்புள்ள ரேகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது. துண்டும் இருக்கிறது.

பள்ளிக்கூடம் என்றால் படிப்புச் சொல்லித்தர வேண்டும். பஸ் ஏறச் சொல்லித்தர ஒரு டீச்சர், அதற்கு ஒரு திட்டம், அதற்காக நீ என்னை விட்டுவிட்டு இரண்டு தட்டு, ஒரு குக்கரோடு சிதம்பரம் போய் உட்கார்ந்திருக்கிறாய். சௌந்தரம் அக்கா வந்து, "என்னடா ஆரோக்கியம், பொண்டாட்டிய ஆஸ்டலுக்கு அனுப்பிட்டியாமே"ன்னு கேட்டுவிட்டு என் பொங்கலையும் சாப்பிட்டுவிட்டுப் போனது.

மதி பதினைந்து வயதுப் பெண். ஆனால் யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொள்வாள். யார் சிரித்தாலும் சிரிப்பாள். அவளைத் தனியாக பஸ்ஸில் விட உனக்கு எப்படி மனசு வருகிறது? நான் இல்லையா? பைக் இல்லையா? நாளைக்கு நூறு தடவை வேண்டுமானாலும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன். அவளுக்கு நான் காலம் முழுக்கச் செய்வேன். எனக்கு அது பாரம் இல்லை.

"நமக்குப் பிறகு" என்று நீ ஆரம்பிப்பாய். அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே.

ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் அவளாக வந்து என் கதவைத் தட்டினால் நான் வாயைத் திறக்கவில்லை. இல்லாவிட்டால் பள்ளியும் வேண்டாம், திட்டமும் வேண்டாம், பிள்ளை வீட்டோடு இருக்கட்டும். நீயும் வா. சோறு வடிக்கத் தெரியாமல் தினமும் கஞ்சிதான் குடிக்கிறேன்.

ஆரோக்கியராஜ்


அண்ணாமலை நகர்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மதி அப்பாவுக்கு,

ஈஸ்டர் வரைக்கும் என்று எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்னால் மாற்றிப் பேசக் கூடாது.

நேற்று மதி ஸ்டாப்பிலிருந்து தனியாக நடந்து வந்தாள். நான் தெரு முனையில் மருந்துக் கடைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! அவள் கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள், அதற்குள் நீங்கள் திறந்துவிட்டீர்கள். போன வாரமும் இதையேதான் செய்தீர்கள். அவள் தட்டட்டும். ஒருமுறை தட்டிக் கேட்கவில்லை என்றால் மறுபடி தட்டத் தெரிய வேண்டும். அதுவும் பாடம்தான். கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போய் நாற்காலியில் உட்காருங்கள்.

செருப்பு வாரையும் நீங்களே மாட்டிவிடுகிறீர்களாம். "அப்பா நல்லவரு, நீ மாட்ட மாட்டேங்குற" என்கிறாள். இப்படியே போனால் வீட்டில் கெட்டவள் நான் ஒருத்திதான். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகிறேன்.

பஸ் போர்டு படிப்பது அவளுக்கு இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்று ஜான்சி டீச்சர் மறைக்காமல் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நன்றாக அழுதேன். ஆனால் வழியெல்லாம் போட்டோ எடுத்து ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்திருக்கிறார். முட்லூர் கடைத்தெரு, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடைசியில் மணிக்கூண்டு. ஊர் கடக்கக் கடக்க மதி படத்தைப் புரட்டுகிறாள். பக்கத்துச் சீட்டுக்காரர் "எந்த ஊரு வந்துச்சு"ன்னு கேட்டால் பட்டென்று சொல்கிறாள். படிக்கத் தெரிந்த நான் தூங்கிவிட்டேன், அவள்தான் எழுப்பினாள்.

இனி நான் பின் சீட்டுக்குப் போகிறேன்.

கஞ்சியே குடிக்காதீர்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், பரணில் இருக்கிற பழைய குக்கரில் மூன்று விசில்.

ரேகா


சேசு மரி சூசை

கடலூர் முதுநகர்,
16 மார்ச் 2025

ரேகாவுக்கு,

போதும். நேற்று நடந்ததற்கு மேல் என்ன நடக்க வேண்டும்? பிள்ளை ஆலப்பாக்கத்தில் இறங்கிவிட்டது, பஸ் கிளம்பிவிட்டது, நீ பின் சீட்டில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு கத்தியிருக்கிறாய். கடவுள் காப்பாற்றினார். ஒரு லாரி வந்திருந்தால்? ஒரு குடிகாரன் வந்திருந்தால்? நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை எனக்கு.

உன் டீச்சரிடம் சொல். அவளுக்கு வராது. வராததை வா வா என்று இழுத்தால் பிள்ளைதான் கஷ்டப்படும். இந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள்.

ஆரோக்கியராஜ்


அண்ணாமலை நகர்,
19 மார்ச் 2025

மதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, பைக் மட்டும் இல்லை.

மதி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா வண்டி ஜன்னல் பக்கமா வந்துச்சும்மா. அப்பா என்னப் பாத்தாரு. என்னக் கூப்புட வந்துருக்காருன்னு எறங்கிட்டேன். ஆனா அப்பா நிக்காம போயிட்டாரு." புதுச்சத்திரத்திலேயே காத்திருந்து பஸ்ஸைப் பின்தொடர்ந்திருக்கிறீர்கள். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். வேலையாகப் போனேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆலப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் எந்தப் படகு இன்ஜின் ரிப்பேராகி நின்றது?

நீங்கள் பயந்துதான் வந்தீர்கள், தெரியும். நானும் பயந்தேன். கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி, நான் வெயிலில் திரும்பி ஓடிய தூரம் முழுக்க எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நம் மாதாவை மட்டுமல்ல, தில்லைக் காளியையும்.

ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது என்ன பார்த்தேன் தெரியுமா? இறங்கிய இடத்திலேயே நிழற்குடைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டைத் தாண்டவில்லை. ஒருவர் "வாம்மா, நான் கடலூர்ல விடுறேன்" என்று ஸ்கூட்டரை நிறுத்தினாராம். நல்லவராகவே இருக்கலாம். "தெரியாதவங்க கூட வர மாட்டேன், எங்கம்மா வருவாங்க"ன்னு சொன்னதாகப் பூக்கடைக்கார அம்மாதான் என்னிடம் சொன்னார். யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வாள் என்று எழுதினீர்களே, அந்த மதி இப்போது இல்லை. வழி தவறினால் இறங்கிய இடத்திலேயே நில் என்று பள்ளியில் மறுபடி மறுபடி நடித்துக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். அவளுக்கு வந்திருக்கிறது. வராதது உங்களுக்கும் எனக்கும்தான்.

கணக்கை முடிக்க மாட்டேன். ஈஸ்டர் வரைக்கும் என்றீர்கள், ஈஸ்டர் இன்னும் வரவில்லை. அதுவரை சனிக்கிழமைகளில் பைக் சாவியைச் சௌந்தரம் அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எடுக்காத பேச்சை நான் எடுக்கத்தான் போகிறேன். நாம் இல்லாத ஒருநாள் அவளுக்கு வரும். அன்றைக்கு அவளுக்குப் பின்னால் பைக்கில் யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் இப்போதே பழக்குகிறேன்.

சாப்பிடுங்கள்.

ரேகா


சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட்,
19 ஏப்ரல் 2025, சனி

அன்புள்ள மதி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டவில்லை. மதியின் பையில் வைத்து அனுப்புகிறேன். நான் பஸ்ஸில் இல்லை. பின் சீட்டிலும் இல்லை, அடுத்த பஸ்ஸிலும் இல்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் மடியில் இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதி பஸ்ஸில் முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். "நீ போம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று என்னை விரட்டுகிறாள்.

ஜூன் மாதத்துக்குப் புதுத் திட்டம் போடுகிறார்கள். இந்த முறை அப்பாவின் ஆசையைக் கேட்டுவரச் சொன்னார் ஜான்சி டீச்சர். பள்ளியே வேண்டாம் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் அதையும் எழுதுங்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனாலும் எழுதுங்கள். திங்கட்கிழமை மதியிடமே கொடுத்தனுப்புங்கள்.

டிரைவர் ஏறிவிட்டார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

ரேகா


சேசு மரி சூசை

கடலூர் முதுநகர்,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள ரேகாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துக்கள். மட்டன் குழம்பு அக்கா வைத்தது, சோறு நான் வடித்தது. மதி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

சனிக்கிழமை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டிச் சாவி அக்காவிடம். கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன், எழவில்லை. மறுபடி தட்டினாள். "அப்பா, கதவத் தொற, வெயிலு"ன்னு அதட்டினாள். திறந்தேன். பின்னால் தெருவைப் பார்த்தேன், நீ எங்காவது நிற்கிறாயா என்று. யாரும் இல்லை.

"கண்டக்டரு உங்கூட யாருன்னு கேட்டாருப்பா. யாரும் இல்ல, முதுநகர் ஒண்ணுன்னேன்" என்றாள். அதை அக்காவிடம் சொன்னாள், ஈஸ்டர் பூசை முடிந்து சாமியாரிடம் சொன்னாள், மீன்காரரிடமும் சொன்னாள். நான் கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

என் ஆசையைக் கேட்டிருந்தாய். நேற்று முழுக்க யோசித்தேன். டீச்சரிடம் இதைச் சொல்: மதி ஒருநாள் இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். தானே சோறு வைத்து, சாப்பிட்டு, அடுப்பை அணைத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்க வேண்டும். அப்பா அம்மா யாரும் இல்லாமல். எழுதும்போது பேனா ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன். ஒரு வருஷம் ஆகட்டும், மூன்று வருஷம் ஆகட்டும், பள்ளியை விட வேண்டாம்.

பிள்ளைக்கு நேரமாகிவிட்டது, பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஸ்டாப்புக்கு நான் வரக்கூடாதாம். வாசலோடு நின்றுகொள்கிறேன்.

இன்னும் ஒன்று. அவள் தனியாக இருந்து பழக வேண்டும் என்றால் அந்த ராத்திரி நாம் இரண்டு பேரும் வீட்டில் இருக்கக் கூடாது. வேறெங்காவதுதான் போக வேண்டும். கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனது, அதற்குப் பிறகு நாம் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதே இல்லை.

வருவாயா?

ஆரோக்கியராஜ்