பவுடர் போட்டுக் காயவைத்த பத்திரம்

நம் கூட்டுக் கடையின் பத்திரத்தை உறையிலிருந்து ஆடிட்டர் உருவியதும் பவுடர் வாசனை அறை முழுக்கப் பரவியது. "என்ன அண்ணாச்சி, பிள்ள பெத்த வீடு மாதிரி மணக்கு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லைவே. உம் வீட்டு மதினியின் டப்பாவைக் காலிசெய்து நீர்தானே தூவினீர் அந்தப் பவுடரை.

ஆற்று வெள்ளம் வடிந்த அன்று ஜங்ஷனில் நம் மோட்டார் பம்பு கடையின் ஷட்டரைத் தூக்கினால், உள்ளே முழங்கால் அளவு சகதி. உம் குதிகாலில் வெடிப்பு, புண். "கால்ல புண்ண வச்சுக்கிட்டு இறங்காதேயும்" என்று கத்தினேன். கேட்டால்தானே? "பத்திரமும் பில்லும் இல்லாம நம்மள கடைக்காரங்கன்னு எவன்வே நம்புவான்? பேங்க்ல வாசல்லயே நிப்பாட்டிருவான்" என்று சொல்லிக்கொண்டே பீரோவை நோக்கி நடந்துவிட்டீர்.

நான் மாடி வெயிலில் தாள்களைப் பரப்பியதைப் பார்த்து என்ன ஏச்சு ஏசினீர்! "வத்தலாவே போடுதீரு? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். நிழலுக்குக் கொண்டாரும்." பிறகு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பையப் பிரித்து, நடுவில் பழைய பேப்பர் வைத்து, பவுடர் தூவினீர். பொறுமையே இல்லாத மனுஷர் நீர், அந்த வாரம் முழுக்க அசையவில்லை.

அதற்குள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்றீர். கண் மஞ்சளித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிக்காய்ச்சல், சகதியில் புண் வழியாக ஏறியிருக்கிறது என்றார்கள். கடைசியாக என்னிடம் நீர் கேட்டதுகூட "பத்திரம் காஞ்சிட்டாவே?" என்பதுதான். காய்ந்துவிட்டது என்றேன். இந்த எழவுக் காகிதத்துக்காகவா போனீர்?

பேங்கில் கடன் கிடைத்தது. கடை திறந்தாயிற்று. பம்பு வாங்க வருகிறவர்கள் உம்மைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆடிட்டர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். "அவர் கையெழுத்து பளிச்சுன்னு இருக்கு. உங்களதத்தான் காணோம்." நான் மைப்பேனாவில் போட்டது கரைந்து நீலத் திட்டாகக் கிடந்தது. கையெழுத்துப் போட்ட அன்று "பெரிய கலெக்டருன்னு நெனப்பு" என்று என்னைக் கேலி செய்துவிட்டு, நீர் கடைப் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கினீர்.

உம் பங்கை மதினி பெயருக்கு மாற்றி ஆடிட்டர் புதுப் பத்திரம் அடித்து வைத்திருந்தார். உம் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அதற்குக் கீழே அவர் காட்டிய இடத்தில், பால்பாயிண்ட் பேனாவில்தான் கையெழுத்துப் போட்டேன். இனி எந்த வெள்ளம் வந்தாலும் அது அழியாதுவே. நீர் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்தது அப்படியே இருக்கும்.