உன் விளையாட்டில் நிற்கிற இடம் இல்லை

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இனி என் கோபத்தைப் படி.

நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து செய்த, டிவியில் ஆடுகிற அந்தக் கடல் விளையாட்டு வந்து சேர்ந்தது. பிரித்த நாளிலிருந்து அப்பா டிவியை விட்டு நகரவில்லை. மீட்டர் பார்க்க வந்தவர், மாடி வீட்டு டீச்சர், யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து, என் மகன் செய்தது என்று மீன்களைக் காட்டுகிறார். அவர் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை என்று மேஜையை நான்தான் தள்ளிப்போட்டேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, அது கிடக்கட்டும். மீன் நன்றாக இருக்கிறது, மூழ்கிய கப்பலும் நன்றாக இருக்கிறது. ஆனால் முக்குளிக்கிற அந்த ஆள் கடலடியிலிருந்து மேலே வருகிறானே, அதை எந்தப் புத்தியோடு செய்தாய்? புதையல் பெட்டியை எடுத்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கினால் சர்ரென்று ஒரே மூச்சில் வந்துவிடுகிறான், சீக்கிரம் வந்தால் நட்சத்திரம் வேறு. யார் பெற்ற பிள்ளை நீ? அப்பா மாதிரி ஆழத்தில் வேலை பார்த்தவர் பாதி வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக் கை கால் விளங்காமல் போகும் என்று பள்ளிக்கூடம் போகும் முன்பே உனக்குத் தெரியுமே.

அப்பா என்ன செய்கிறார் தெரியுமா? பாதி வழி வந்ததும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து நிமிஷம் நிற்கிறாராம். அதற்குள் காற்று தீர்ந்து அந்த ஆள் செத்துப்போகிறான். மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை என் கண்முன்னால் சாகிறான். பொத்தானை அமுக்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். "பையன் எல்லாத்தையும் நல்லாத்தான் செஞ்சிருக்கான். நிக்கிற இடத்தை மட்டும் மறந்துட்டான்" என்கிறார். உன்னைத் திட்ட அவருக்கு வாய் வராது. எனக்கு வரும்.

அவர் கால் போனது காற்று அனுப்பும் மெஷின் கோளாறால் என்றுதானே உனக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். பொய். உனக்கு அப்போது ஆறு வயது, ஊஞ்சலிலிருந்து விழுந்து முகமெல்லாம் ரத்தம். உன்னை ஆஸ்பத்திரியில் அத்தையிடம் விட்டுவிட்டு, அப்பா முக்குளித்து வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்குப் படகில் போனேன். அவர் இடுப்புக் கயிற்றை நான்கு முறை இழுத்தால் நிதானமாக மேலே வா என்று அர்த்தம். விடாமல் இழுத்தால் உயிருக்கு ஆபத்து, உடனே வா. எனக்கும் தெரியும். கயிறு பிடிப்பவர் தடுப்பதற்குள் நான் பாய்ந்து பிடித்து இழுத்தேன், விடாமல் இழுத்தேன். அவர் எங்கும் நிற்காமல் வந்தார். உனக்கு மோவாயில் மூன்று தையல், அவ்வளவுதான். இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, முதுகை நிமிர்த்தி உட்கார், நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. நான் எழுதியதை அப்பாவிடம் போனில் கேட்டுவைக்காதே. அந்த நிற்கிற இடத்தை மட்டும் வைத்து அனுப்பு, காற்றும் தாராளமாகக் கொடு. அந்த ஆள் நின்று, நிதானமாக வந்து, படகில் ஏறித் தன் காலால் நடந்து போவதை ஒரு தடவையாவது நான் பார்க்க வேண்டும்.

கோபம் தீராத,
உன் அம்மா