துப்பாக்கி வாயில் ஒட்டிய துணி

சைதாப்பேட்டை
12.6.1997

மதிப்பிற்குரிய கோமளம் மாமி அவர்களுக்கு,

சலாம். ஞாயிற்றுக்கிழமை அத்தாவோடு உங்கள் வீட்டுக்கு வந்த ரூஹி எழுதுகிறேன். நீங்கள் மூன்று தடவை கேட்டும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். மரியாதை தெரியாத பெண் என்று நினைத்திருப்பீர்கள். புது ஆட்கள் முன்னால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வரவில்லை. இரண்டு நாள் நிற்க வைத்தார்கள். மூன்றாம் நாள் நான் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. ஆனால் எழுத வரும். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் மயிலாப்பூருக்குக் கடிதம் போடுகிறேன்.

உங்கள் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பெட்டியைப் பிரித்தோம். விமானம் துண்டு துண்டாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. அத்தா இருபது வருடமாகக் கடைகளுக்கு மரக்கப்பல் செய்கிறவர். ஒட்டுவது அவர் வேலை, பெயிண்ட் என் வேலை. பர்மா சண்டையில் மாமா ஓட்டிய ஹரிக்கேன் விமானம் என்று சொன்னீர்கள். நீங்கள் கொடுத்த போட்டோவில் மாமா இறக்கை மேல் உட்கார்ந்து சிரிக்கிறார்.

புது விமானமாக வேண்டுமா, பறந்து அழுக்கான விமானமாக வேண்டுமா என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரூஹி


மயிலாப்பூர்
16.6.97

அன்புள்ள ரூஹிக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கையெழுத்து என்ன அழகு! என் பேத்தி ஹம்சினி காலேஜ் படிக்கிறாள். அவள் எழுதினால் எறும்பு மைக்கூட்டில் விழுந்து நடந்து போன மாதிரி இருக்கும். நீ பேசாததில் எனக்கு வருத்தமில்லை. எங்காத்து மாமாவும் அப்படித்தான். ஐம்பத்திரண்டு வருடமாக அவருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24 அவருக்குச் சதாபிஷேகம். எண்பது வயதைத் தாண்டி, எல்லோரும் வந்து ஆசீர்வாதம் வாங்குகிற நாள். கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி விமானத்தை வைக்கப்போகிறேன். புதுசு வேண்டாம், யுத்தத்திலிருந்து இப்போதுதான் இறங்கின மாதிரி இருக்கட்டும். மாமா மூன்று ஜப்பான் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினவர். அவர் உட்காரும் இடத்துக்குக் கீழே விழுந்த விமானத்துக்கு ஒன்றாக மூன்று சின்ன ஜப்பான் கொடி போடு. துப்பாக்கி சுட்ட கரியும் தெரிய வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் அண்ணா இந்தக் கதையைச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எங்கப்பா சம்மதித்தார். என் குழந்தைகளுக்கு இதைச் சொல்லித்தான் சாதம் ஊட்டினேன்.

போட்டோவை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடு. நான் கோவிலுக்குப் போயிருந்தால் மாமா இருப்பார்.

உன் மாமி,
கோமளம்


சைதாப்பேட்டை
9.7.1997

அன்புள்ள மாமிக்கு,

நலம். போட்டோ கிடைத்திருக்கும். நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தபோது மாமாதான் கதவைத் திறந்தார். நான் வாசலிலேயே நின்று நீட்டினேன். அவரே உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். விமானத்தைப் பற்றி ஒன்று சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

பச்சையும் பழுப்பும் அடித்து முடித்துவிட்டேன். பளபளவென்று இருந்தது. இப்போது அழுக்காக்குகிறேன். மாமா ஏறி இறங்கியது இடதுபக்கம் என்பதால் அந்த இறக்கை உடலோடு சேரும் இடத்தில் கால் தேய்த்த மாதிரி பென்சில் கரியைத் தடவினேன். அலுமினியம் வெளியே தெரிவது போலவே இருக்கிறது. புகைக்குழாய்க்குப் பின்னால் சிம்னி விளக்கின் கரியைத் தொட்டு வைத்தேன். அத்தாவுக்குத் தாங்கவில்லை. "இன்னாம்மா நீ, புதுசா பெயிண்ட் அட்ச்சிட்டு நீயே அத்த அழுக்காக்கிக்கினு கீற? காசு குடுக்கறவங்க நம்பள இன்னா நெனைப்பாங்க?" என்கிறார்.

இறக்கையின் முன் ஓரத்தில் துப்பாக்கி வாய்கள் வரிசையாக இருக்கின்றன. தூசியும் ஈரமும் உள்ளே போகாமலிருக்க அவற்றின் மேல் சிவப்புத் துணி ஒட்டிவிடுவார்களாம். முதல் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும், பின்னால் இறக்கை மேல் கரி படியும் என்று மாமா சொன்னார். மெல்லிய காகிதத்தில் சிவப்பு அடித்து, அரிசி அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறேன். மூன்று கொடியும் போட்டாயிற்று.

ரூஹி


மயிலாப்பூர்
27.8.97

ரூஹிக்கு,

சதாபிஷேகம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அண்ணாவின் மாப்பிள்ளை விமானப்படையில் இருந்து ரிடையரானவர். பந்திக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். "அத்தை, இதுல துப்பாக்கி வாயெல்லாம் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கே! சுடவே இல்லை! அப்புறம் மூணு கொடி எதுக்கு? மாமா அம்பு விட்டாரா?" எல்லோரும் சிரித்தார்கள். என் சம்பந்தி சிரித்தாள். மாமா மாலையோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரி வேண்டும் என்று நான் எழுதினேனா இல்லையா? அவருடைய நல்ல நாளில் நீ செய்த வேலை அவரைத் தலைகுனிய வைத்துவிட்டது.

விமானத்தை அனுப்பியிருக்கிறேன். அந்தத் துணியையெல்லாம் கிழித்து, கரி போட்டு, ஐந்தாம் தேதிக்குள் அனுப்பு. என் மகன் சாய்சரண் அமெரிக்கா திரும்புவதற்குள் அப்பாவையும் விமானத்தையும் சேர்த்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்கிறான்.

கோமளம்


சைதாப்பேட்டை
1.9.1997

மதிப்பிற்குரிய மாமிக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். பன்னிரண்டு துணியையும் குண்டூசியால் கிழித்தேன். கரியும் போட்டேன். அத்தா கொண்டுவருகிறார். கூலி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரூஹி


மயிலாப்பூர்
22.9.97

அன்புள்ள ரூஹிக்கு ஆசீர்வாதம்.

கோபத்தில் எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. போட்டோ நன்றாக வந்தது. மாமா மட்டும் அதில் வேறு எங்கோ பார்க்கிறார்.

இன்னொரு விஷயம். விமானம் திரும்பி வந்த அன்று மாமா அதைக் கையில் எடுத்து இறக்கையை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை அந்தப் பொண்ணா பண்ணினா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி" என்றார். அன்றிலிருந்து கூடத்துக்கே வருவதில்லை. பேப்பர், காபி, சாப்பாடு எல்லாம் பின்கட்டில். கேட்டால், "அங்கதான் காத்து வரது" என்கிறார்.

நேற்று உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். மாமா உன்னிடம் ஒன்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். சதாபிஷேகப் பத்திரிகை அடிக்கிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. உன்னிடம் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுது, குழந்தை.

உன் மாமி,
கோமளம்


சைதாப்பேட்டை
28.9.1997

அன்புள்ள மாமிக்கு,

நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மறைக்காதே என்று எழுதியதால் சொல்கிறேன்.

அன்று மோர் கொடுத்துவிட்டு மாமா சொன்னது இதுதான். "நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லைம்மா. மேலேர்ந்து பார்த்து, போட்டோ எடுத்துண்டு திரும்பி வரதுதான் என் வேலை. அண்ணா பெண் பார்க்கப் போன இடத்துல கதை அளந்துட்டான். அப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கணும். காபி வந்துடுத்து, பேச்சு மாறிடுத்து. அப்புறம் சொல்ல வேளையே வரலை." பிறகு, "கொடி போட்டுக்கோ, அது மாமிக்கு. துணியை மட்டும் கிழிக்காதே, அது எனக்கு. யாருக்கும் தெரியப்போறதில்லை" என்றார். என்னிடம் ஏன் சொல்கிறார் என்று நான் நினைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "நீ யாரோடும் பேசமாட்டேன்னு மாமி சொன்னா" என்று சிரித்தார். போட்டோவில் இருக்கிற அதே சிரிப்பு.

உங்களிடம் அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நீங்கள் கிழிக்கச் சொல்லி அனுப்பியபோது, 'மாமாவைக் கேளுங்கள்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுத வரும் என்று பெருமையாகச் சொன்னவள்தானே நான். எழுதவில்லை. உங்கள் கோபத்துக்குப் பயந்தேன். ஒவ்வொரு துணியாகக் கிழித்தபோது அவர் முகம் ஞாபகம் வந்தது. ஆனாலும் பன்னிரண்டையும் கிழித்தேன்.

அவர் தனக்கென்று கேட்டதையும் கெடுத்துவிட்டேன். இப்போது அவர் நம்பிச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். விமானத்தைக் கொடுத்தனுப்பினால் புதுத் துணி ஒட்டித் தருகிறேன்.

ரூஹி


சைதாப்பேட்டை
18.12.1997

அன்புள்ள மாமிக்கு,

உங்களிடமிருந்து பதில் வராது என்றே நினைத்திருந்தேன். போன வாரம் ஹம்சினி அக்கா வந்து பெட்டியைக் கொடுத்தார். உள்ளே கடிதம் இருக்கும் என்று காகிதத்தையெல்லாம் விரித்துப் பார்த்தேன். விமானம் மட்டும்தான் இருந்தது.

மூன்று கொடியையும் காணவில்லை. அந்த இடம் முழுக்கக் கீறலாக இருந்தது. அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை, விரலால் காட்டினேன். "பாட்டிதான் கொண்டை ஊசியால சுரண்டினா. தாத்தாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டு எதிர்ல உக்காத்தி வெச்சுண்டு சுரண்டினா. அவர் பார்த்துண்டே இருந்தார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. இப்பவும்தான் பேசிக்கறதில்லை" என்றார்.

மாமி, ஐம்பத்திரண்டு வருடம் இரண்டு பேருக்கும் நீங்கள் பேசினீர்கள். இப்போது உங்கள் பேச்சும் நின்றுவிட்டதென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது.

பன்னிரண்டு துணியும் புதிதாக ஒட்டிவிட்டேன். கரியை ஈரப் பஞ்சால் துடைத்தேன். முழுவதும் போகவில்லை, உற்றுப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். கொடி இருந்த இடத்தில் பெயிண்ட் போய்ப் பிளாஸ்டிக் தெரிகிறது. "ரெண்டு நிமிசத்துல மூடிடலாம், இன்னாத்துக்கு வுட்டு வச்சிக்கீற?" என்று அத்தா கேட்டார். நான் மூடவில்லை. இந்த விமானத்தில் மற்ற தேய்மானமெல்லாம் நான் பென்சிலால் போட்டது. இது மட்டும் நீங்கள் போட்டது. உங்களைக் கேட்காமல் அதன் மேல் கை வைக்க மனம் வரவில்லை.

விமானத்தை அத்தா கொண்டுவருகிறார். மூட வேண்டுமென்றால் ஒரு கார்டு போடுங்கள். நானே வருகிறேன். மாமாவிடம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

ரூஹி


சைதாப்பேட்டை
14.4.1998

அன்புள்ள மாமிக்கும் மாமாவுக்கும்,

புத்தாண்டு வாழ்த்துகள். நான்கு மாதமாகிறது. தபால்காரர் எங்கள் சந்துக்குள் வந்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். உங்கள் கார்டு வரவில்லை. "அவங்க மறந்துட்டு இருப்பாங்க" என்றார் அத்தா. கொடி இருந்த இடத்தை மூட வேண்டாம் என்றுதான் மாமி கார்டு போடவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரூஹி