பழைய போர்டுக்குப் புது பிராசஸர்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலமா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். போன்ல பேச ஆரம்பிச்சா நாலு வார்த்தைக்குள்ள ரெண்டு பேருக்கும் குரல் ஏறிடுது. கடுதாசின்னா கோபம் வந்தாலும் பேனாவை மூடி வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்து உட்காரலாம். அதனாலதான் எழுதுறேன்.

விஷயம் கம்ப்யூட்டர். கல்யாணமான புதுசுல எனக்குன்னு பார்த்துப் பார்த்து மாட்டிக் கொடுத்தீங்களே, இன்னும் அதேதான். உங்களோடதை நீங்க துறைமுக வேலைக்குப் போனப்போ எடுத்துட்டுப் போயிட்டீங்க. மேஜையில அந்தப் பக்கம் இப்போ துணி மடிச்சு வைக்கிறேன்.

புது விளையாட்டு ஒண்ணு வந்திருக்கு. மலை ஏறுறது. ரெண்டு பேர் ஒரே கயித்துல கட்டிக்கிட்டு ஏறணும். ஒருத்தர் வழுக்கினா இன்னொருத்தர் பிடிக்கணும். மலையடிவாரத்துக்கு மேல தனியா ஆடவே முடியாது. ஆசைப்பட்டு வாங்கிட்டேன், ஆனா என் பொட்டியில அது நின்னு நின்னு ஓடுது. மலையடிவாரத்துக்குப் போறதுக்குள்ள குழியில விழுந்துடறேன்.

முழுசா புதுசு வாங்க இப்போ வசதிப்படாது. ரத்தப் பரிசோதனை லேப்ல என்னைப் பொறுப்பாளர் ஆக்கினாங்களே தவிர சம்பளம் அப்படியேதான் இருக்கு. அந்தப் பொறுப்பை விட்டுட்டு வரமாட்டேன்னுதானே உங்களோட கிளம்பாம நின்னேன். சரி, அது இருக்கட்டும். கொஞ்சச் செலவுல எதை மாத்தினா போதும்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 15

ஆந்தைக்கு,

கவர் மேல உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோன்னு நினைச்சுட்டேன். கிரேன் மேல ஏறி உட்கார்ந்துதான் பிரிச்சேன். அங்கேன்னா என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர்னு படிச்சதும் தனியா சிரிச்சேன். கீழே இருந்த சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில, "என்னப்பா, மேல காத்து ஜாஸ்தியா?"ன்னு கேட்டார்.

மதர்போர்டை மாத்தாதே. உன்கிட்ட இருக்கிறது நாலு கோர் பிராசஸர். அதே போர்டுல ரெண்டு தலைமுறை தள்ளி வந்த ஆறு கோர் பிராசஸர் அப்படியே உட்காரும். எல்லாரும் புது போர்டுக்கு ஓடுறதால அது இப்போ மலிவு. ஆனா பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டை எழுப்பி விடுற புரோகிராமை, புதுசாக்கிடு. இல்லேன்னா போர்டுக்குப் புதுசை அடையாளமே தெரியாது.

கிராபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்டே போதும். பிட்காயின் எடுக்க ராப்பகலா ஓட்டித் தேஞ்ச கார்டை உன் தலையில கட்டப் பார்ப்பாங்க. கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டச் சொல்லு. விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளு. பொட்டிக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு டேப் வச்சு அளந்துட்டுப் போ. உன் பவர் சப்ளை சின்னது, கரண்டைக் குடிக்கிற கார்டு வேண்டாம்.

ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தாதே. முதல்ல கார்டு. அது சரியா ஓடின பிறகு பிராசஸர். அப்போதான் கோளாறுன்னா எதால வந்ததுன்னு தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

தூங்குமூஞ்சி

ஏப்ரல் 2

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

அந்தப் பேரை நீங்க இன்னும் வச்சிருக்கீங்கன்னு பார்த்ததும் சந்தோஷமா இருந்தது.

கார்டு வாங்கிட்டேன். கடைக்காரர், "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"ன்னார். "வரலை. டேப் வந்திருக்கு"ன்னு பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதுக்கப்புறம் அவர் வாலைச் சுருட்டிக்கிட்டு மூணு கார்டு ஓட்டிக் காட்டினார். ஒண்ணு மாவு மெஷின் மாதிரி கத்துச்சு. ஒண்ணு பொட்டிக்குள்ள போகாத நீளம். மூணாவதை எடுத்துட்டேன்.

மாட்டினதும் மலை பளிச்சுன்னு தெரிஞ்சுது. பனி விழறது கூடத் தெரியுது. ஆனா அடிவாரத்துல பாறை சரியற இடத்துல இன்னும் திக்கித் திக்கி நிக்குது. அது பிராசஸர் வேலைதானே? அதையும் வாங்கிட்டேன். பயாஸும் ஏத்தியாச்சு. பிராசஸர் மட்டும் டப்பாவைவிட்டு வெளியே வரலை. அடியில முள்ளு முள்ளா இருக்கு, ஒண்ணு வளைஞ்சாலும் போச்சாமே. தினமும் ஊசி பிடிக்கிற கைதான், ஆனா இதைத் தொடத் துணியலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிக் கொடுத்துட்டுப் போறீங்களா? காலையில பஸ் இருக்கு. மதியம் இங்கேயே சாப்பிட்டுக்கலாம். மேஜையில துணியை எடுத்துட்டேன். அவசரமில்லை, உங்க வசதிப்படி.

உங்கள்
ஆந்தை

ஏப்ரல் 11

ஆந்தைக்கு,

ஞாயித்துக்கிழமையும் கப்பல் வருது, நகர முடியலை. தவிர நான் வந்துட்டுப் போனா அக்கம்பக்கத்துல உன்னைத்தான் துருவித் துருவிக் கேட்பாங்க. இது பெரிய வேலையே இல்லை. நாலு பக்கத்துக்குப் படம் போட்டு இதோட வச்சிருக்கேன்.

முக்கியமானதை இங்கேயும் சொல்லிடறேன். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிட்டு அணை. சூடு ஆறுறதுக்குள்ள பிராசஸர் மேல இருக்கிற கூலர் விசிறியை அப்படியும் இப்படியும் மெதுவாத் திருகி எடு. நேரா இழுத்தா, நடுவுல தடவிக் காஞ்சுபோன பேஸ்ட்ல பழைய பிராசஸரும் ஒட்டிக்கிட்டு வந்துடும். புதுசுல ஒரு மூலையில முக்கோணக் குறி இருக்கும், போர்டுலயும் இருக்கும். ரெண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டு வா. அழுத்தாதே, தானா இறங்கணும். பிறகு பட்டாணி அளவு பேஸ்ட், கூலர், அவ்வளவுதான்.

உன் கைக்கு இது எம்மாத்திரம். நான் நடுவுல எதுக்கு? யாரோடயோ ஆடப் போறே, நல்லபடியா ஆடு.

தூங்குமூஞ்சி

ஏப்ரல் 29

அன்புள்ள உங்களுக்கு,

படங்கள் கிடைச்சுது. ரொம்பத் தெளிவா இருந்தது. மாட்டிட்டேன்.

போட்டதும் திரை கறுப்பாவே நின்னுது. தரையில உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் அழுதேன்னு வச்சுக்குங்க. பிறகு பின்னாடி எட்டிப் பார்த்தா, மானிட்டர் ஒயரைக் கார்டுல சொருகாம போர்டுல சொருகியிருக்கேன். மாத்திச் சொருகினதும் வந்துடுச்சு. இப்போ பாறை சரிஞ்சாலும் திக்கறதில்லை.

லேப்ல வரவேற்புல இருக்கிற பொண்ணோட ஆடறேன். அவளுக்குக் கயித்தைப் பிடிக்கவே தெரியலை. ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்து சிரிச்சுட்டுக் கிடக்கிறோம்.

யாரோடயோன்னு எழுதியிருந்தீங்க. யாரோடன்னு கேட்டிருக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
நான்

மே 20

என் ஆந்தைக்கு,

பேனாவை எடுக்கிறதும் வைக்கிறதுமா மூணு வாரம் ஓடிடுச்சு.

உன் முதல் கடுதாசி வந்த வாரமே அந்த விளையாட்டை வாங்கிட்டேன். நம்ம பழைய கணக்குல நீ ஆன்லைன்ல இருந்தா உன் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி தெரியும். அழைக்கிற பட்டன் மேல விரல் வரைக்கும் போகும், அப்புறம் மூடிடுவேன். நீ வேற யாரோடயோ ஆடத்தான் கேட்கிறேன்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன்.

நீ கூப்பிட்ட பிறகு வந்த ஞாயிறு கப்பல் ஒண்ணும் வரலை. இங்கே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பை கூட எடுத்துட்டு வந்தேன். மாட்டிக் கொடுத்துட்டு, உன் கையால சாப்பிட்டுட்டு, சாயங்காலம் திரும்பவும் பஸ் ஏறணுமேன்னு நினைச்சு, வந்த பஸ்ஸைப் போக விட்டுட்டேன். இருந்துட்டுப் போங்கன்னு நீ சொல்லாம விட்டா என்ன பண்றதுன்னு பயம். ரூமுக்குத் திரும்பி உட்கார்ந்து நாலு பக்கம் வரைஞ்சேன்.

இப்போ வரட்டுமா? கிரேன் ஓட்ட எந்த ஊர்லயும் ஆள் எடுப்பாங்க. வேலையை விட்டுட்டே வரேன்.

உன்
தூங்குமூஞ்சி

ஜூன் 8

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

உங்க பச்சைப் புள்ளியை நானும் பார்த்தேன். நீங்க வாங்கின அன்னைக்கே என் திரையில உங்க பேர் வந்துடுச்சு. தினமும் லேப்லேர்ந்து வந்து கை கழுவிட்டு நேரா அதுக்கு முன்னாடிதான் உட்காருவேன். கடுதாசியை நான்தானே முதல்ல போட்டேன், இந்தப் பட்டனையும் நானே அமுக்கணுமான்னு ஒரு வீம்பு. அதனால உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஞாயித்துக்கிழமை வந்திருந்தா இருக்கத்தான் சொல்லியிருப்பேன். உங்க பழைய தலையணைக்கு உறை கூட மாத்தி வச்சிருந்தேன்.

பஸ்ஸுக்குப் பதிலா நாலு பக்கம் வந்தது. அவ்வளவு பொறுமையா, அவ்வளவு அழகா வரைஞ்சிருந்தீங்க. அதைப் பார்த்து நானே மாட்டி, நானே அழுது, நானே ஒயரைக் கண்டுபிடிச்சு எழுந்தப்போ, இனிமே நீங்க இல்லாமலும் என்னால முடியும்னு தோணிடுச்சு. தோணாம இருந்திருக்கலாம். ஆனா தோணின பிறகு மனசை முன்ன மாதிரி ஆக்க முடியலைங்க.

வேலையை விடாதீங்க. வராதீங்க. அடுத்த வாரம் வக்கீலம்மா காகிதம் அனுப்புவாங்க. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. சண்டை வேண்டாம்.

லேப்ல வேற ஊர்க் கிளைக்கு மாத்தல் கேட்டிருந்தேன், கிடைச்சிடுச்சு. அன்னைக்கு உங்களுக்காகச் செய்ய மாட்டேன்னதை இப்போ யாருக்காகவும் இல்லாம செய்யறேன். நினைச்சா எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. மாசக் கடைசியில இந்த வீட்டைக் காலி பண்றேன்.

மழைக்காலம் வருது. ஏணியெல்லாம் வழுக்கும், பார்த்து ஏறுங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

புது வீட்டு விலாசம் மட்டும் கேட்காதீங்க. கேட்டா கொடுத்துடுவேன்.

ஆந்தை